அரை இஞ்சு இருட்டு

சினிமாக்காரர் லாரன்ஸ்
பையிலிருந்து மூன்று மரக்கட்டைகளை எடுத்து
லேத் பெட்டின் மேல் வைத்தார்.
நாலே முக்கால். அஞ்சரை. ஏழரை.
"துப்பாக்கிக் குழல். எந்த நீளம்னு இன்னிக்கே முடிவாகணும்.
நாளன்னிக்குச் சேத்துமடையில ஷூட்டிங்.
குதிரைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

கணபதியில் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைகிறவன் நான்.
இருபத்தாறு வருசத்தில் என் சக்கில் சுழன்ற ஒரு கம்பியும்
யாரையும் குறிபார்த்ததில்லை.
இதுவும் பார்க்காதாம். டம்மி.
முழு அலுமினியம். வாயில் மட்டும் அரை இஞ்சு ஓட்டை,
உள்ளே கறுப்புப் பெயிண்ட்.
கேமராவுக்கு அரை இஞ்சு இருட்டு போதும்,
மீதியை ஜனமே தோண்டிக்கொள்ளும் என்றார்.

டைரக்டர் கேட்டிருந்தது நெட்டைக் குழல்.
லாரன்ஸ் அதை வாய்விட்டுச் சொன்னதும்
மேனேஜர் மருதாசலம் காதைப் பொத்தினார்.
"ஏனுங், போன படத்துக்கே இன்னும் வட்டி கட்டறோம்.
ஏழரைய வேற காசு குடுத்துக் கூட்டியாரோணுமா?"
பில்லில் ஏழு புள்ளி நாலு ஒன்பது என்று எழுதச் சொன்னார்.

உறையிலிருந்து உருவப்போவது கதாநாயகனின் கை அல்ல.
உடுமலைக்காரி கோதைமணி, டூப்பு.
தோல் கையுறைக்குள் யார் கை என்று யார் கண்டது?
இடுப்பில் உறையைக் கட்டிக்கொண்டு
கூலண்ட் சிந்திய தரையில் காலை அகட்டி நின்றாள்.

ஏழரை வெளியே வர
முழங்கை காதுவரை ஏறியது,
நெரிசல் பஸ்ஸில் குடையை உருவுகிற மாதிரி.
அஞ்சரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
நாலே முக்கால் வெளியே வந்த பிறகுதான்
அவள் கை அசைந்ததையே பார்த்தேன்.

"இது பழைய மாடல்," என்றார் லாரன்ஸ்.
"ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால சுத்தியைப் பின்னுக்கு இழுக்கணும்.
இழுக்காம விசைய அமுக்குனா ஒண்ணும் நடக்காது."
"இழுத்துப்போட்டு எத்தன நேரம் நீட்டீட்டு நிக்கோணும்?"
"ஒரு நிமிசம். எதிராளி வசனம் பேசணுமில்ல."

நெட்டைக்கு அளவாய் ஒரு கம்பியை வெட்டிக் கொடுத்தேன்.
நாற்பதாவது நொடியில் மூக்கு கவிழ்ந்தது,
கபடியில் பிசகிய தோளாம்.
குட்டையை நீட்டினால்
ஃபோனில் பார்த்த கேமராமேன் சிரித்தார்:
தண்ணிக் குழாய் மாதிரி இருக்காம்.

சாயங்காலம் நாலு டீக்குப் பிறகு
லாரன்ஸ்தான் சொன்னார், ரெண்டையுமே கடை.
உருவும்போது குட்டை. நீட்டும்போது நெட்டை,
முட்டிக்குக் கீழே ஃபிரேமுக்கு வெளியே ஒரு ஸ்டூல்.
நடுவில் ஒரு வெட்டு.
அந்த வெட்டுக்குள் ரெண்டே முக்கால் இஞ்சு வளரும்,
எவன் ஸ்கேலோட தியேட்டருக்கு வர்றான்?

ராத்திரி பத்துக்கு ரோந்து ஏட்டு துரைக்கண்ணு
வெளிச்சம் பார்த்து உள்ளே வந்தார்.
குழலைத் தூக்கினார், முகம் மாறியது.
நான் பேச வாயெடுக்கும் முன்
சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து
ரீஃபிலை உள்ளே விட்டுப் பார்த்தார்.
அரை இஞ்சில் நின்றது.
"அவ்வளவுதானா?" என்றார்,
அவருக்கு என்னமோ ஏமாற்றம்.

படம் சத்தி ரோட்டுத் தியேட்டரில் நாலு நாள் ஓடியது.
மூன்றாம் நாள் மேட்னி, பதினொரு பேர்.
கை உருவியது. வெட்டு. நீண்டது.
"ரெண்டே முக்கால்" என்றேன்,
பக்கத்து ஆள் ஒரு சீட் தள்ளிப் போனார்.
சைக்கிள் பெல் ஸ்பிரிங்கை வைத்து
மூன்று மணி நேரம் போராடி நான் வரவழைத்த அந்த 'டிக்'
படத்தில் இல்லை.
இரும்புக் கேட்டைச் சாத்துகிற மாதிரி
வேறெங்கோ பிடித்த சத்தம்.

பிறகு குழலின் வாய் திரை முழுக்க வந்தது.
உள்ளே பெயிண்ட் ஏறாத மெல்லிய வளையம்,
என் டூல் நடுங்கிய இடம்.
முன்வரிசைப் பையன் சட்டென்று குனிந்தான்.
ஆழம் தெரிந்த நானும்.